சம்பளம், வரி, அரசு உதவி: மூன்றையும் ஒரே தாளில் கணக்கிடுவது எப்படி

குடும்ப வருமானம் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலோர் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாடகையையோ கடன் தவணையையோ திட்டமிட முடியாது. வரியும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் அதிலிருந்து கழிகின்றன. உதவித்தொகையும் ஓய்வூதியமும் வேறொரு வழியில் வந்து சேர்கின்றன. வரியை ஒரு பக்கமும் உதவியை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்கும் பழக்கத்தால், சம்பளம் உயர்ந்த ஆண்டில் கையில் நின்ற பணம் ஏன் கூடவில்லை என்பதற்குப் பல வீடுகளில் விளக்கம் கிடைப்பதில்லை. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

முதலில் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், உதவித்தொகை ஆணைகள், கடந்த ஆண்டின் வரிக் கணக்கு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதச் சீட்டு மட்டும் போதாது; ஊக்கத்தொகை, மிகைநேர ஊதியம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் வட்டி போன்றவை அதில் தெரியாமல் போகும். தாளின் மேல்பகுதியில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் ஊதியத்தையும், சுயதொழில் செய்பவராயின் செலவு போக நின்ற இலாபத்தையும், வட்டி, வாடகை, பங்காதாயம் ஆகியவற்றையும் எழுதுங்கள். அதன் கீழே அரசிடமிருந்து பணமாக வருபவற்றைக் கூட்டுங்கள். பின்னர் நேரடி வரியையும் கட்டாயப் பங்களிப்புகளையும் கழியுங்கள். இறுதியில் நிற்பதுதான் செலவிடத்தக்க வருமானம். மேலே வரும் தொகை மொத்த வருமானம். வரவுசெலவுத் திட்டம் போடுவதற்கு உரியது கீழே நிற்கும் தொகை.

பொருளாகவோ சேவையாகவோ கிடைக்கும் உதவிகளை, அதாவது இலவச மருத்துவம், கல்விக் கட்டண விலக்கு போன்றவற்றை, இந்தக் கூட்டலில் சேர்க்காமல் ஓரத்தில் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது. அவற்றால் வேறு செலவைச் சந்திக்க முடியாது. ஆயினும் ஒருநாள் அவை நின்றுபோனால் அந்தச் செலவு முழுவதும் வீட்டின் தலையில் விழும்.

இனி வரிக்கு வருவோம். படிநிலை வரியைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் மிகப் பரவலாக உள்ளது: வருமானம் அடுத்த அடுக்குக்குள் நுழைந்தால் முழு வருமானத்துக்கும் அந்த உயர்ந்த விகிதம் விழும் என்பது. முதல் 300 வரை வரி இல்லை, 300 முதல் 600 வரை 10 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். 700 ஈட்டுபவர் நடு அடுக்குக்கு 30-உம், மேல் அடுக்கில் உள்ள 100-க்கு 20-உம் ஆக 50 மட்டுமே செலுத்துவார். அவருடைய சராசரி விகிதம் ஏறத்தாழ 7 சதவீதம். கடைசியாக ஈட்டிய தொகைக்கு விழும் விகிதமான இறுதி விகிதமோ 20 சதவீதம். இவ்வாண்டின் சுமையை அறியச் சராசரி விகிதம் உதவும். கூடுதலாக ஒரு வேலையை ஏற்கலாமா, மிகைநேரம் பார்க்கலாமா என்ற முடிவுகளுக்கு இறுதி விகிதத்தையே பார்க்க வேண்டும்.

கழிவும் தள்ளுபடியும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கழிவு, வரிக்குரிய வருமானத்தைக் குறைக்கிறது. 100 கழிவு கிடைத்தால் 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 20 மிச்சம், வரியே செலுத்தாதவருக்கு ஒன்றும் இல்லை. தள்ளுபடி வரியிலிருந்தே நேராகக் கழிகிறது. சில நாடுகளில் செலுத்த வேண்டிய வரியைவிடத் தள்ளுபடி அதிகமாக இருந்தால் மீதியைப் பணமாகவே தருகிறார்கள். அமெரிக்காவில் 1975 முதல் குறைந்த ஊதியக்காரர்களுக்கு வழங்கப்படும் ஈட்டிய வருமான வரித் தள்ளுபடி இந்த வகையைச் சேர்ந்தது. இத்தகைய உதவியைப் பெறவேண்டுமானால், வரி ஏதும் இல்லாதவரும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ‘நமக்குத்தான் வரி இல்லையே’ என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிடும் ஏழைக் குடும்பம் தனக்குரிய பணத்தை இழப்பது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

உதவி குறையும் வேகம்

அரசு உதவிகள் சில, வருமானம் பார்க்காமல் எல்லோருக்கும் கிடைக்கும். சில, பங்களிப்புச் செலுத்தியவர்களுக்குக் கிடைக்கும். மற்றவை வருமான வரம்புக்கு உட்பட்டவை. இந்த மூன்றாம் வகையே கணக்கைச் சிக்கலாக்குகிறது, ஏனெனில் வருமானம் உயர உயர உதவி குறைகிறது. வீட்டைப் பொறுத்தவரை அந்தக் குறைவும் இன்னொரு வரியைப் போன்றதே.

குறைந்த வருமானக்காரர்களுக்குப் பிரிட்டன் தரும் உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டை எடுத்துக்கொள்ளலாம். விலக்களிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிகர ஊதியத்தில் 55 சதவீதம் உதவியிலிருந்து குறைக்கப்படுகிறது. 2021 இறுதி வரை அது 63 சதவீதமாக இருந்தது. அடிப்படை விகிதத்தில் வருமான வரி 20 சதவீதமும் தேசியக் காப்பீடு என்னும் கட்டாயப் பங்களிப்பு 8 சதவீதமும் செலுத்தும் ஓர் ஊழியர் கூடுதலாக 100 பவுண்டு ஈட்டினால், முதலில் 28 பவுண்டு போய் 72 நிற்கும். அந்த 72-இல் 55 சதவீதத்துக்குச் சமமான தொகை உதவியில் குறையும். ஆக, கையில் நிற்பது 32 பவுண்டுக்குச் சற்று அதிகம். வரி அட்டவணையில் மட்டும் தேடினால் இந்த எண் எங்கும் கிடைக்காது.

இதைவிடக் கடினமானது, வரம்பைத் தாண்டியதும் உதவி மொத்தமாக நின்றுபோகும் திட்டம். வருமானம் 500 வரை இருந்தால் 60 உதவி, அதற்கு மேல் ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் வருமானத்துக்கு வரி 20 சதவீதம். 505 ஈட்டும் குடும்பம் 4 பெற்று 60-ஐ இழக்கிறது. பழைய நிலையை மீண்டும் எட்ட வருமானம் 575 ஆக வேண்டும், ஏனெனில் 75-இல் வரி போக நிற்பதுதான் 60. எனவே வரம்புக்கு அருகில் இருப்பவர்கள், எந்தத் தொகையில் உதவி நிற்கிறது, எந்தத் தொகையில் இழப்பு ஈடாகிறது என்ற இரண்டு எண்களையும் குறித்து வைக்க வேண்டும். இதற்காக ஊதிய உயர்வை மறுக்கச் சொல்ல மாட்டேன். பணி அனுபவமும், ஊதியத்தைச் சார்ந்து கணக்கிடப்படும் ஓய்வூதியமும் பல ஆண்டுகளுக்குப் பயன் தருபவை. இடையில் வரும் பள்ளத்தைக் கடக்கச் சில மாதச் செலவுக்கான சேமிப்பை முன்கூட்டியே ஒதுக்குவதே பெரும்பாலும் சரியான வழியாக இருக்கும்.

யாருடைய வருமானம், எந்தக் காலத்து வருமானம்

வரித்துறை ‘வருமானம்’ என்று சொல்வதும் நலத்துறை சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வரி பல நாடுகளில் தனிநபருக்கு விதிக்கப்படுகிறது. உதவியோ குடும்பத்தின் கூட்டு வருமானத்தைப் பார்க்கிறது. ஒன்று கடந்த ஆண்டைக் கேட்கும், மற்றொன்று இந்த மாதத்தைக் கேட்கும். சில திட்டங்கள் சேமிப்பையும் சொத்தையும்கூடக் கணக்கில் எடுக்கும். ஆகவே ஒரு விண்ணப்பத்தில் எழுதிய தொகையை அப்படியே அடுத்ததில் எழுதாமல், ஒவ்வொன்றிலும் தரப்பட்டுள்ள வரையறையைப் படித்த பிறகே நிரப்ப வேண்டும்.

இரு குடும்பங்களை ஒப்பிடும்போது உறுப்பினர் எண்ணிக்கையும் முக்கியம். இதற்கெனப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் திருத்திய அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது: முதல் பெரியவருக்கு 1, 14 வயது நிரம்பிய ஒவ்வொரு கூடுதல் உறுப்பினருக்கும் 0.5, அதற்குக் குறைந்த வயதுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3. பெற்றோரும் இரு சிறு குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு இவற்றின் கூட்டுத்தொகை 2.1 ஆகிறது; வீட்டின் வருமானத்தை அதனால் வகுத்து ஒப்பிட வேண்டும். அந்த வீட்டின் 420-உம் தனியாக வாழ்பவரின் 200-உம் ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத் தரத்தைத் தரும்.

தாளை ஆண்டுக்கு ஒருமுறை தயாரித்தால் போதும். ஆனால் பிறப்பு, திருமணம், பிரிவு, வேலை மாற்றம், பிள்ளைகள் வயது வரம்பைக் கடப்பது ஆகியவை நிகழ்ந்தால் உடனே திருத்த வேண்டும். திருத்திய அன்றே உதவி வழங்கும் அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். தாமதமாகத் தெரிவித்தால், கூடுதலாக வந்த தொகையைப் பின்னால் திரும்பக் கேட்பார்கள். அதற்குள் அந்தப் பணம் செலவாகியிருக்கும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதையும் இதே தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.