புடவைக்குள் போடும் ஷேப்வேர்: முதன்முறை வாங்குகிறவர்களுக்கு

உடம்பைப் பிடித்து வடிவாகக் காட்டும் உள்ளாடையான ஷேப்வேரைக் கண்ணாடி முன்னால் நின்று தேர்ந்தெடுக்காதீர்கள், உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதன்முறை வாங்கப் போகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நிற்கும்போது எல்லா ஷேப்வேரும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கல்யாண வீட்டில் நாம் நின்றுகொண்டே இருப்பதில்லையே. முகூர்த்தத்துக்குத் தரையில் உட்கார வேண்டும், பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிட வேண்டும், பந்தியில் சாப்பிட வேண்டும், மண்டபத்துப் படி ஏற வேண்டும், நடுவில் கழிப்பறைக்கும் போக வேண்டும். இத்தனைக்கும் ஒத்துழைப்பதுதான் நல்ல ஷேப்வேர். இடுப்பு மெலிந்து தெரிவதெல்லாம் அப்புறம்தான்.

நான் இங்கே பேசுவது பெரும்பாலும் பாவாடைக்குப் பதிலாகப் போடும் புடவை ஷேப்வேரைப் பற்றி. இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடம்போடு ஒட்டியிருக்கும், அதற்குக் கீழே கொஞ்சம் விரியும். கடைகளில் மெர்மெய்ட் கட், ஃபிஷ் கட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். நைலான் அல்லது பாலியஸ்டரோடு ஸ்பான்டெக்ஸ் இழை கலந்து பின்னிய துணி அது. 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய இழை இந்த ஸ்பான்டெக்ஸ். அதுவரை உள்ளாடைகளில் இருந்த ரப்பருக்கு மாற்றாக வந்தது. லேபிளில் எலாஸ்டேன், லைக்ரா என்று போட்டிருந்தாலும் அதே இழைதான். பொதுவாக இதன் சதவீதம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஷேப்வேர் கொழுப்பைக் கரைக்காது, உடம்பை இளைக்க வைக்காது. சாதாரணப் பாவாடையின் சுருக்கங்கள் இடுப்பைச் சுற்றிக் குவிந்து நிற்கும் இல்லையா, அந்தப் பருமன் இதில் இல்லை. புடவை ஒழுங்காகப் படிகிறது. பாதிப் பலன் அதிலேயே கிடைத்துவிடுகிறது. அதனால் இறுக்கத்தைத் தேடி ஓட வேண்டிய அவசியமே இல்லை.

முதல் வேலை: புடவையை எடுத்து வையுங்கள்

எந்தப் புடவைக்கு என்று முடிவு செய்யாமல் ஷேப்வேர் வாங்கக் கூடாது. ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப், ஆர்கன்சா, மெல்லிய சாஃப்ட் சில்க் ஆகியவற்றுக்கு இது அருமையாகப் பொருந்தும். துணி மெல்லியது என்பதால் பாவாடையின் தையலும் சுருக்கமும் வெளியே தெரியும். ஷேப்வேரில் அந்தத் தொல்லை இல்லை.

கனமான காஞ்சிபுரம் பட்டு வேறு கதை. ஜரிகை நிறைந்த பட்டுப்புடவை தன் எடையாலேயே கீழே இழுக்கும். வழுவழுப்பான நைலான் துணிமேல் கொசுவத்தைச் செருகினால் மெல்ல மெல்ல இறங்கும். அப்படிப்பட்ட புடவைக்கு, இடுப்பில் எலாஸ்டிக்கோடு நாடாவும் சேர்ந்த ஷேப்வேராகப் பாருங்கள். வெறும் எலாஸ்டிக் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். பருத்தி கலந்த துணி கிடைத்தால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும். என் கருத்தைக் கேட்டால், நாள் முழுக்கக் கட்டப்போகிற கனமான முகூர்த்தப் பட்டுக்கு நல்ல தையலில் தைத்த பருத்திப் பாவாடையே போதும். ஷேப்வேரை மாலை வரவேற்புப் புடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் புடவையோடு ஒத்துப்போக வேண்டும். நடக்கும்போது காலருகே எட்டிப் பார்க்கும் பகுதி அதுதான். எல்லாப் புடவைக்கும் ஒன்று போதும் என்றால் தோல் நிறத்தில் எடுக்கலாம்.

அளவு எடுப்பது

இஞ்ச் டேப் ஒன்று போதும். மூன்று அளவுகள் வேண்டும்.

இடுப்பு: தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, உடம்பு வளைகிற இடம். மூச்சை இயல்பாக விட்டு அளந்து பாருங்கள். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து எடுத்த அளவு கல்யாணத்தன்று உங்களுக்கு உதவாது. சாப்பிட்ட பிறகு இன்னொரு முறை அளந்து, பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குக் கீழே, பின்பக்கம் மிக அகலமாக இருக்கும் இடத்தில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி ஹிப் அளவு எடுங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள். ஆனால் மெர்மெய்ட் கட்டில் இடுப்பைவிட முக்கியமானது இதுதான். இடுப்பை நாடாவால் சரிசெய்யலாம், ஹிப்பைச் சரிசெய்ய வழியில்லை.

மூன்றாவது உயரம். அன்றைக்குப் போடப்போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு, புடவை செருகும் இடத்திலிருந்து கணுக்கால் வரை. ஷேப்வேர் புடவை விளிம்பைவிட ஓரிரு அங்குலம் மேலேயே நிற்க வேண்டும்.

இப்போது அந்தந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றில் எல் ஆக இருக்கும், அதனால் எழுத்தை நம்பாமல் அங்குலத்தை நம்புங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். ஒரு சைஸ் சின்னதாக எடுத்தால் இன்னும் ஒல்லியாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சின்னதாக எடுத்தால் சதை மேல்விளிம்பில் பிதுங்கும், பிளவுஸுக்குக் கீழே ஒரு மடிப்பு புதிதாக வரும், எலாஸ்டிக் சுருண்டு கீழே இறங்கும்.

முழங்காலையும் ஸ்லிட்டையும் பாருங்கள்

கடையில் எல்லோரும் இடுப்பைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் முழங்கால் பகுதியை இழுத்துப் பாருங்கள். அது குறுகலாக இருந்தால் நடை குறுகும், படி ஏற முடியாது, சப்பணம் போட்டு உட்கார முடியவே முடியாது. ஒரு பக்கம் ஸ்லிட் இருந்தால் பெரிய நிம்மதி. ஸ்லிட் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேயே தொடங்கட்டும். முழங்காலுக்குக் கீழே மட்டும் இருக்கிற ஸ்லிட் நடப்பதற்கு உதவும், உட்காருவதற்கு உதவாது.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். புடவையின் கொசுவம் ஷேப்வேரின் இடுப்பில்தான் செருகி, பின் குத்தி இருக்கும். அதைக் கீழே இறக்கினால் மொத்தக் கட்டும் போச்சு. ஆகவே கீழிருந்து மேலே சுருட்டித்தான் தூக்க வேண்டும். முழங்காலில் குறுகலான, நீட்சி குறைந்த துணி தொடைக்கு மேல் வரவே வராது. ஈரத் தரையுள்ள மண்டபக் கழிப்பறையில், ஒரு கையில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு படும் பாடு கொஞ்சமல்ல. இந்தச் சிரமத்துக்குப் பயந்தே நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அது உடம்புக்குக் கெடுதல். வாங்கும்போதே, விளிம்பை இடுப்பு வரை சுருட்டித் தூக்க வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இடுப்புப் பட்டை அகலமாக இருப்பது நல்லது. இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். மெல்லிய நாடா ஒரே கோட்டில் அழுத்தும், அகலப் பட்டை அந்த அழுத்தத்தைப் பரவலாக்கும். இது வெறும் சௌகரியப் பேச்சல்ல. 2024-ல் மகாராஷ்டிரத்தின் வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் இரண்டு முதிய பெண்களைப் பற்றி எழுதினார்கள். பல்லாண்டுகளாக இடுப்பில் இறுகக் கட்டிய உடை உரசி உரசி ஆறாத புண்ணாகி, கடைசியில் தோல் புற்றுநோயாக மாறியிருந்தது. இது மிக அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் நம் அம்மாக்களின் இடுப்பில் கறுத்துப்போன நாடாத் தடம் அரிதல்ல. உங்களுக்கும் அந்தத் தடம் இருந்தால் நாடாவைத் தளர்த்துங்கள், அவ்வப்போது கட்டும் இடத்தை மாற்றுங்கள். புண் ஆறாமல் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் ஒரு ஒத்திகை

பல கடைகள் உள்ளாடையைத் திரும்ப எடுப்பதில்லை. இணையத்தில் வாங்குவதாக இருந்தால் மாற்றிக் கொடுப்பார்களா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வந்ததும் லேபிளைக் கிழிக்காமல், உள்ளே வழக்கமான உள்ளாடையோடு போட்டுப் பாருங்கள்.

தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். கைகூப்பி விழுந்து எழுந்திருங்கள். வீட்டில் படி இருந்தால் ஏறி இறங்குங்கள். வயிறு நிறையச் சாப்பிடுங்கள். ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள், விலா விரிய இடம் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றினால் லேசான தடம் இருப்பது இயல்பு, சீக்கிரம் மறைந்துவிடும். ஆழமாகப் பதிந்து சிவந்திருந்தால் அந்த அளவு உங்களுக்கானதல்ல.

தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது, எரிவது, ஊசி குத்துவது போல இருப்பது ஆகியவற்றைத் தாங்கிக்கொள்ளாதீர்கள். இடுப்பு எலும்பருகே போகும் நரம்பு அழுத்தப்படும்போது இப்படி வரும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வயிற்றின்மேல் இறுக்கம் கூடினால் அமிலம் மேலேறும். அவர்கள் இடுப்போடு நிற்கும், லேசான பிடிமானம் உள்ளதை மட்டும் எடுக்கட்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் சாதாரண ஷேப்வேர் போட வேண்டாம். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்; மருத்துவர் சொல்லும் வயிற்று பெல்ட்டும் இதுவும் ஒன்றல்ல.

கவுன் போடுகிறவர்களுக்கு

வரவேற்புக்கோ தேவாலயத் திருமணத்துக்கோ கவுன் என்றால், தொடை வரை வரும் ஹை வெய்ஸ்ட் ஷார்ட்ஸ் தொடக்கத்துக்கு நல்லது. தொடை உரசிப் புண்ணாவதையும் அது தடுக்கும். விளிம்பில் தடித்த தையல் இல்லாததாகப் பாருங்கள், ஒட்டிய கவுனில் அந்தக் கோடு அப்படியே தெரியும். வெள்ளைக் கவுனுக்குள் வெள்ளை போடாதீர்கள், வெளிச்சத்தில் அது தனியாகத் தெரியும்; உங்கள் தோல் நிறத்தில் எடுங்கள். முழு உடலையும் மூடும் பாடிசூட் வாங்கினால், கீழே கொக்கியோ திறப்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்றைக்கு

குளித்ததும் உடம்பு நன்றாக உலரட்டும். கிரீம் தடவிய உடனே போட்டால் துணி ஒட்டிக்கொண்டு ஏறாது. கொலுசையும் மெட்டியையும் ஷேப்வேர் போட்ட பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் பின்னல் இழை மாட்டிக்கொண்டு பிரிந்துவிடும். இழுக்கும்போது நகம் படாமல், உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். செருப்பைப் போட்ட பிறகே புடவை கட்டத் தொடங்குங்கள்.

சேஃப்டி பின்னை மெல்லிய துணியில் குத்தாதீர்கள், ஓட்டை விழுந்து பெரிதாகும். தடித்த இடுப்புப் பட்டையில் குத்துங்கள். கொசுவத்துக்கு ஒன்று, இடுப்பின் பக்கவாட்டில் ஒன்று போதும்.

சென்னைப் புழுக்கத்தில் நைலான் வியர்வையை வெளியே விடாது. முகூர்த்தம் முடிந்து அறைக்கு வந்தால் கழற்றிவிட்டு, உடம்பைத் துடைத்து, தளர்வாக ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். மாலைக்கு மறுபடி போடலாம். ஈரத்தோடு நாள் முழுக்க இருந்தால் தொடையிடுக்கில் பூஞ்சைத் தொற்று வரலாம். இதைப் போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது.

அடுத்த நாள் குளிர்ந்த தண்ணீரில், கொஞ்சம் சோப்புத் தூளில் கையால் கசக்கித் துவையுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். ப்ளீச்சும் வெந்நீரும் இஸ்திரியும் ஸ்பான்டெக்ஸைக் கெடுக்கும், துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். நிழலில் படுக்கவைத்துக் காயப்போடுங்கள். இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்காமல் தொளதொளவென்று நிற்கத் தொடங்கும்போது வேறு வாங்கிக்கொள்ளலாம்.