எத்தியோப்பியாவை ஒரே தட்டில் காட்டலாம்

உலக உணவுகளைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்ல எத்தியோப்பியாவில் இருந்து தொடங்குங்கள், வீட்டிலேயே செய்து காட்ட அதுதான் சுலபம். அங்கே தினசரி உணவு இஞ்செரா. டெஃப் என்கிற, கசகசா போலப் பொடிப்பொடியான தானியத்தை மாவாக்கிக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி மூடி, திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பார்கள். மாவு புளிக்கும்போது உண்டாகும் வாயுதான் மேலே அத்தனை ஓட்டைகளைப் போடுகிறது, பிள்ளைகளுக்கு இது ஒரு அறிவியல் பாடமும் கூட.

டெஃப் நம் பக்கம் சுலபமாகக் கிடைக்காது. பரவாயில்லை, நன்றாகப் புளித்த தோசை மாவில் கொஞ்சம் கேழ்வரகு மாவு கலந்து, எண்ணெய் விடாமல், மூடி போட்டு வார்த்தால் ஏறக்குறைய அந்தப் புளிப்பும் மென்மையும் வந்துவிடும்.

தொட்டுக்கொள்ள மிசிர் வொட், அதாவது காரமான பருப்புக் குழம்பு. நிறைய வெங்காயத்தை முதலில் எண்ணெயே இல்லாமல் வதக்குங்கள், இந்த இடத்தில் அவசரப்பட்டால் ருசி வராது. அப்புறம் எண்ணெய், பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள், துளி வெந்தயப்பொடி, ஏலக்காய், மைசூர் பருப்பு. குழந்தைகளுக்குக் காரத்தைக் குறைத்துவிடுங்கள்.

இஞ்செராவை ஒரு பெரிய தாம்பாளத்தில் விரித்து, குழம்பை அதன் மேலேயே ஊற்றி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வலது கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுகிற குர்ஷா பழக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள். அதற்குத்தான் வீட்டில் அடிதடியே நடக்கும்!