வெள்ளரிக்கு எரு: மூட்டையில் கட்டி வைத்தால் மக்காது

பினாங்கு பட்டர்வொர்த் பக்கம் வீட்டோரத்தில் திமுன், அதாவது வெள்ளரி, போடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் செய்த தப்புகளையே அவர்களும் செய்யும்போது மனசு கேட்கவில்லை. தண்ணீர் விட மறந்தால், பந்தல் போடாமல் விட்டால், செடியே சொல்லிக் கொடுத்துவிடும். எருவில் செய்யும் தப்பு வெளியே தெரிவதற்குள் பாத்தி போய்விடும்.

பச்சைக் கோழி எரு

கோழிப்பண்ணை எரு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வந்து, மூட்டை வாயை இறுக்கிக் கட்டி, இரண்டு மாதம் கொல்லையில் போட்டுவிட்டு, "மக்கிடுச்சு அண்ணே" என்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இதே கதைதான். காற்றுப் போகாத மூட்டைக்குள் எரு அழுகும், மக்காது. வாயைப் பிரித்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அது அம்மோனியா.

பக்கத்து வீட்டுத் தம்பி அதை அப்படியே பாத்தியில் கொட்டி நாற்று வைத்தார். மண் ஈரமாக இருந்தும் மதியத்தில் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினார். இலை ஓரம் கருகியது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தோம்: வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்நுனி தேயிலைச் சாயம் ஏறியது போலப் பழுப்பாகிக் கிடந்தது. விதைக் காசு, மூட்டைக் காசு, பாத்தி கொத்திய உழைப்பு, எல்லாம் வீண்.

செடி தப்பினாலும் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து உண்டு. வெள்ளரியை நாம் வேக வைப்பதில்லை. நாசி லெமாக் ஓரத்திலும் சாத்தே தட்டிலும் ரோஜாக்கிலும் பச்சையாகவே தின்கிறோம். கோழி எருவில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பச்சை எரு போட்டால், மண்ணில் படும் காயை 120 நாளும் படாத காயை 90 நாளும் கழித்தே பறிக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. நம் ஊர் வெயிலில் வெள்ளரி 40 நாள் வாக்கிலேயே பறிப்புக்கு வந்துவிடும். அதனால் விதைக்கிற நேரத்தில் பச்சை எரு போடுவதற்கு இந்தப் பயிரில் இடமே இல்லை.

சரி, எப்படி மக்க வைப்பது? எரு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை, வைக்கோல், உமி இரண்டு மூன்று பங்கு. கெப்பாலா பத்தாஸ் பக்கம் நெல்வயல் இருப்பதால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. பிழிந்த துணியின் ஈரத்தில், இடுப்பளவு உயரக் குவியலாகப் போடுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் குறைந்தது 15 நாள் சூடு நிற்க வேண்டும். அதற்குள் 5 முறையாவது புரட்ட வேண்டும். சூடு தணிந்த பிறகும் ஓரிரு மாதம் ஆறவிடுங்கள். மேலே தார்ப்பாய் கட்டாயம். இல்லாவிட்டால் அக்டோபர் மழை சத்தையெல்லாம் சாக்கடைக்குக் கொண்டு போய்விடும்.

முடிந்ததா என்று அறிய ஒரு கைப்பிடியை நனைத்து, மூடிய போத்தலில் மூன்று நாள் வையுங்கள். திறந்தால் மண்வாசம் வர வேண்டும். நெடி அடித்தால் இன்னும் ஆகவில்லை. கடையில் 'பதப்படுத்தியது' என்று விற்கும் மூட்டைக்கும் இதே சோதனைதான்.

சுண்ணாம்பும் எருவும் ஒரே நாளில்

நம் மண் புளிப்பு மண், சுண்ணாம்பு வேண்டும்தான். ஆனால் இரண்டையும் சேர்த்துக் கலந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். சுண்ணாம்பை முதலில் போட்டு, இரண்டு வாரம் கழித்து எரு போடுங்கள்.

தண்டோடு ஒட்டிக் குவிப்பது

ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

நாய், பூனைக் கழிவு

கூடவே கூடாது. ஒட்டுண்ணிகள் இருக்கும்.

பூத்த பிறகும் கோழி எருவையே கொட்டுவது

முதலில் ஆண் பூ மட்டும் வருவது இயல்பு, பயப்பட வேண்டாம். பூவுக்குப் பின்னால் முள் முள்ளாகக் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. நாளாகியும் அது வராமல், கொடி கருகருவென்று இலையாகவே தழைத்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. கோழி எருவை நிறுத்திவிட்டு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) உரம் கொஞ்சமாகக் கொடுங்கள்.