ஸ்கர்டிங் அடியில வர்ற குளிர் காத்து: சந்து அடைக்கற பசை ட்யூபை கையில எடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

யூகேல குளிர் ஆரம்பிச்சா நம்ம ஆளுங்க புலம்பல் ஒண்ணுதான், ஹீட்டிங் ஓடிட்டே இருக்கு, பில்லு எகிறுது, ஆனா சோஃபால உக்காந்தா கால் மட்டும் ஜில்லுனு இருக்கு. லண்டன்ல ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ பக்கம் நூறு வருஷத்துக்கு மேல ஆன டெரஸ் வீடுன்னா (வரிசையா ஒட்டி கட்டின வீடு) பாய்லரை திட்டறதுக்கு முன்னாடி குனிஞ்சு ஸ்கர்டிங் போர்டுக்கு (சுவரும் தரையும் சேர்ற ஓரத்துல அடிச்சிருக்கற பலகை) அடியில கையை வெச்சு பாருங்க. அங்க இருக்கற இடைவெளியை அடைக்கறது ஒரு சனிக்கிழமை வேலைதான், ஆனா அதுல பண்ற தப்பு இருக்கே, சிலது பல வருஷம் கழிச்சுதான் வெளிய தெரியும்.

முதல்ல அந்த காத்து எங்கேர்ந்து வருதுன்னு புரியணும். இந்த மாதிரி வீட்ல கீழ்த்தளம் பெரும்பாலும் மரப்பலகை, அதை தாங்கறது ஜாய்ஸ்ட்னு சொல்ற மரச்சட்டம், அதுக்கும் கீழ காலி இடம். வெளிச்சுவர்ல தரைக்கு கொஞ்சம் மேல ஓட்டை ஓட்டையா ஒரு செங்கல் இருக்கும் பாருங்க, அதுதான் ஏர் பிரிக். காத்து ஒரு பக்கம் உள்ள போய் இன்னொரு பக்கம் வெளிய வந்துட்டே இருந்தாத்தான் கீழ இருக்கற மரம் காய்ஞ்சு கிடக்கும்.

இப்ப சில பேர் என்ன பண்றாங்கன்னா, ஸ்கர்டிங் வழியா குளிர் வருது, அது ஏர் பிரிக் வழியாத்தான் வருதுன்னு கண்டுபிடிச்சு நேரா வெளிய போய் அதையே சிமென்ட் வெச்சோ பழைய துணியை திணிச்சோ மூடிடறாங்க. குளிர் உடனே குறையும், சந்தோஷமா இருக்கும், ஆனா கீழ ஈரம் தங்கி ஜாய்ஸ்ட் முனையெல்லாம் மெல்ல இத்துப்போக ஆரம்பிக்கும், தரை லேசா ஆடுது, ஒரு மாதிரி ஈர மண் வாசனை வருதுன்னு தெரியறப்ப செலவு ஆயிரக்கணக்குல நிக்கும். அடைக்க வேண்டியது ரூமுக்கு உள்பக்கம் மட்டும். ஏர் பிரிக் முன்னாடி தோட்டத்து மண்ணு, டெக்கிங்னு சொல்ற வெளி மரத்தளம், குப்பைத்தொட்டின்னு ஏதாவது மறைச்சுட்டு இருந்தா அதையும் நகத்துங்க.

எந்த இடத்துல வருதுன்னு பாக்காம ரூம் சுத்தி ட்யூபை இழுத்துட்டு போறது அடுத்த தப்பு. நம்ம வீட்லதான் ஊதுபத்தி இருக்குமே, காத்தடிக்கற நாளா பாத்து ஜன்னலெல்லாம் சாத்திட்டு, கிச்சன் எக்ஸ்ட்ராக்டர் ஃபேனை போட்டுட்டு, பத்தியை ஸ்கர்டிங் ஓரமா மெதுவா நகத்திட்டே போங்க (அடியில ஒரு தட்டு பிடிச்சுக்கோங்க, கார்பெட்ல சாம்பல் விழுந்தா வீட்ல திட்டு உங்களுக்குத்தான்). புகை சட்டுனு ரூம் உள்பக்கமா வளைஞ்சா அதுதான் இடம். கார்பெட் ஓரத்துல எவ்வளவு வேக்யூம் பண்ணாலும் போகாத கருப்பு கோடு இருந்தா அதுவும் அடையாளம், கீழேர்ந்து வர்ற காத்தை கார்பெட்டே வடிகட்டி அழுக்கை பிடிச்சு வெச்சிருக்கு. ஸ்கர்டிங்கோட மேல் விளிம்பையும் விட்றாதீங்க, சுவருக்கும் அதுக்கும் நடுவுல இருக்கற மெல்லிசு கோட்டுலயும் காத்து வரும். ரேடியேட்டர் பைப் தரைல இறங்கற ஓட்டை சொல்லவே வேணாம்.

புது வீட்ல கான்க்ரீட் தரைதானே, அப்புறம் எப்படி ஸ்கர்டிங் அடியில காத்துன்னு கேப்பீங்க. அங்க பிளாஸ்டர்போர்டுங்கற ஜிப்சம் பலகையை சுவர்ல பசை உருண்டை வெச்சு ஒட்டியிருப்பாங்க, போர்டுக்கு பின்னாடி இருக்கற சந்துல காத்து சுத்திட்டு கீழ வந்து வெளியேறும். ஸ்கர்டிங்கை மட்டும் அடைச்சா அது ப்ளக் சாக்கெட் வழியா வரும். சிங்க் பைப், பாய்லர் பைப் சுவரை துளைக்கற இடங்களையும் பாத்து அடைச்சாத்தான் வேலை முடியும்.

பொருளுக்கு வருவோம். எக்ஸ்பாண்டிங் ஃபோம் (அடிச்சதும் உப்பி இறுகற நுரை) கேன் மேல நம்ம ஆளுங்களுக்கு ஒரு தனி காதல். வேணாங்க, ஸ்கர்டிங் அடியில அதை அடிச்சா அது பாட்டுக்கு உப்பும், போர்டை தள்ளும், பலகை மேல வழியும், காய்ஞ்சப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும். எலித்தொல்லை இருக்கற வீட்ல அது தடுப்பே இல்ல, கடிச்சுட்டு வந்துடும், பென்சில் நுழையற ஓட்டை போதும் சுண்டெலிக்கு. அந்த மாதிரி இடத்துல முதல்ல ஸ்டீல் வுல் (மெல்லிசான இரும்பு நார்) திணிச்சுட்டு அப்புறம் அடைங்க.

டெக்கரேட்டர்ஸ் கால்க்னு ட்யூப்ல வர்ற பசை சின்ன இடைவெளிக்கு ஓகே, மேல பெயின்ட் அடிக்கலாம், ஆனா காயறப்ப சுருங்கும், அகலமான சந்துல நேரா பிதுக்கி விட்டா பாதி கீழ போய் விழும், மீதி ரெண்டு மாசத்துல வெடிக்கும். அகலம் 5, 6 மில்லிமீட்டரை தாண்டினா முதல்ல பேக்கர் ராட்னு விக்கற ஃபோம் கயிறை உள்ள அழுத்துங்க, சந்தை விட கொஞ்சம் தடிமனா வாங்கணும், அப்பத்தான் இறுக்கமா நிக்கும். அது மேல வளைஞ்சு கொடுக்கற சீலன்ட் (சந்து அடைக்கற பசை) மெல்லிசா போட்டா போதும். சாதா சிலிக்கான் போட்டா மேல பெயின்ட் ஒட்டாது, அதை பெயின்ட் பண்ண வேண்டிய இடத்துல போட்டுட்டு அப்புறம் பெயின்டரை குறை சொல்லக்கூடாது. எதை போட்டாலும் முன்னாடி நல்லா வேக்யூம் பண்ணி ஈரத்துணில துடைச்சு காயவிடணும், தூசி மேல எதுவும் நிக்காது.

மரம் அசையும்ங்கறதை மறந்துடறாங்க. ஹீட்டிங் போட்ட குளிர்காலத்துல பலகை காய்ஞ்சு சுருங்கி சந்து பெருசாகும், கோடைல ஊதும். டிசம்பர்ல கல்லு மாதிரி இறுகற ஃபில்லரை நிரப்பினா கோடைல அது நசுங்கி உதிரும்.

தரைல லாமினேட் (மரம் மாதிரி இருக்கற, ஒண்ணோட ஒண்ணு கோக்கற பலகை) போட்டிருந்தா இன்னும் கவனம். ஓரத்துல 10 மில்லிமீட்டர் சுமார் இடைவெளி வேணும்னேதான் விட்டிருப்பாங்க, தரை விரிய இடம் வேணும்ல. அதை கெட்டியா நிரப்பினா நடுவுல தரை கூடாரம் மாதிரி எழும்பும். அங்க ஸ்கோஷியா பீடிங்னு விக்கற மெல்லிசு ஓரச்சட்டம் அடிச்சு மறைக்கலாம், ஆணியோ பசையோ ஸ்கர்டிங்ல போகணும், தரைல போகவே கூடாது.

இது விளையாட்டில்ல: ரூம்ல கேஸ் ஃபயரோ விறகு ஸ்டவ்வோ இருந்தா சுவர்ல இருக்கற வென்ட்டை (காத்து வர்ற துளை) தொடாதீங்க. சின்ன அடுப்பு சிலதை வென்ட்டே இல்லாம, வீட்டு சந்துல வர்ற காத்தை நம்பியே மாட்டியிருப்பாங்க, நீங்க எல்லாத்தையும் அடைச்சா கார்பன் மோனாக்ஸைடுங்கற விஷ வாயு சேர வாய்ப்பிருக்கு. அடைக்கறதுக்கு முன்னாடி கேஸுன்னா கேஸ் சேஃப் (யூகேல கேஸ் வேலை பாக்கறவங்களோட அதிகாரப்பூர்வ பட்டியல்) பதிவு இருக்கற ஆளை கூப்பிட்டு கேளுங்க, கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் ஒண்ணு வாங்கி வைங்க. அதே வேகத்துல ஜன்னல் மேல இருக்கற ட்ரிக்கிள் வென்ட்டுக்கு (கொஞ்சமா காத்து விடற நீள துளை) டேப் ஒட்றதும் வேணாம், நம்ம சோறு வடிக்கற ஆவி, உள்ளயே காயப்போடற துணி எல்லாம் சேந்து மூலைல கருப்பு பூஞ்சை வந்துடும்.

வாடகை வீடுன்னா லேண்ட்லார்டுக்கு ஒரு மெயில் போட்டு சரின்னு பதில் வந்தப்புறம் ஆரம்பிங்க. அதுவரைக்கும் பேக்கர் ராடை மட்டும் அழுத்தி வெச்சுக்கலாம், காலி பண்றப்ப உருவி எடுத்துட்டு போயிடலாம், டெபாசிட்ல கை வெக்க அவருக்கு ஒண்ணும் கிடைக்காது.