கேமைக் கழற்றும் முன் லீவரைப் பாருங்கள்: ஸ்லைடை ஓட்டும் அமைப்பைச் செய்யும் முறை

லேத்தில் பித்தளை ஜாப் (செதுக்கப்படும் துண்டு) ஒன்றில் காடி, அதாவது சுற்றுப் பள்ளம், வெட்டிக்கொண்டிருந்தேன். பத்து ஜாப் சரியாக வரும். பதினொன்றாவதில் காடியின் அடிவிட்டம் 0.2 மி.மீ. மெலிந்துவிடும். எப்போது மெலியும் என்று சொல்லவே முடியாது. கேமின் மேல்தான், அதாவது சுழன்று லீவரைத் தள்ளும் மேடுபள்ளத் தகட்டின் மேல்தான், எனக்குச் சந்தேகம். கழற்றி, உச்சிப் பகுதியைக் கிரைண்ட் செய்து மாட்டினேன். மறுநாளும் அதே கதை. மீண்டும் கழற்றினேன், மீண்டும் கிரைண்ட் செய்தேன். இரண்டு நாள் வீணான பிறகுதான் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) டூலைச் சுமந்து நகரும் ஸ்லைடின் முதுகில் ஊன்றி, லீவரைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கத் தோன்றியது. முள் 0.1 மி.மீ. ஓடியது. கேம் ஒரு பாவமும் செய்யவில்லை. லீவர் ஆடும் அச்சான பிவட் பின்னில் 0.04 மி.மீ. ஆட்டம் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த 0.04 எப்படி 0.1 ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன். கேம் வரைவது பற்றிப் படிக்க நிறையவே கிடைக்கிறது. லீவரை எங்கே ஊன்றுவது என்று சொல்வார் குறைவு. அதனால் இதில் லீவருக்கே கூடுதல் இடம்.

எடுத்துக்காட்டாக ஒரு தானியங்கி லேத்தின் குறுக்கு ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஜாப் முடியும். ஜாப்பைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 1800 சுற்று, அதாவது நொடிக்கு 30. ஒரு ஜாப்புக்கு 12 நொடி. அந்த நேரத்தில் ஸ்பிண்டில் 360 சுற்று சுற்றும். கேம் 360 டிகிரி திரும்பும். கேமின் ஒரு டிகிரிக்கு ஸ்பிண்டிலின் ஒரு சுற்று. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நானே தேர்ந்த எண்கள் இவை. உங்கள் மெஷினில் இவ்வளவு அழகாக அமையாது.

டூல் மொத்தம் 18 மி.மீ. நகர வேண்டும்: 12 மி.மீ. விரைந்து நெருங்க, 6 மி.மீ. வெட்ட. ஃபீடு, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் முன்னேறும் தூரம், 0.05 மி.மீ. என்றால் 6 மி.மீ. வெட்ட 120 சுற்று, ஆக 120 டிகிரி. இந்த 6 மி.மீட்டரில் முதல் 0.3 மி.மீ. காற்றில்தான் போகும். டூல் விரைவு நகர்விலேயே ஜாப்பைத் தொட்டால் முனை உடைந்துவிடும் என்பதால் அந்த இடைவெளியை விட்டே ஆக வேண்டும். நெருங்குவதற்கு 50 டிகிரி, அடியில் நிறுத்தம் 10 டிகிரி, திரும்பி வர 60 டிகிரி. மீதி 120 டிகிரி ஸ்லைடு பின்னால் ஓய்ந்திருக்கும். மற்ற ஸ்லைடுகளும் கம்பி ஊட்டலும் அந்த நேரத்தில் வேலை செய்யும். அடி நிறுத்தத்துக்கு இரண்டு மூன்று சுற்றே போதும். ஜாப் வட்டமாக வர அது அவசியம். அதற்கு மேல் டூலைத் தேய்க்க விட்டால் பரப்பு கருகி, முனையும் மழுங்கும். நான் 10 டிகிரி கொடுத்திருப்பது, இது கடினமில்லாத பொருள் என்பதாலும், பிறகு மூன்று நான்கு டிகிரியை வேறெதற்காவது கடன் வாங்க வேண்டியிருக்கும் என்று பழக்கத்தில் தெரிந்திருப்பதாலும்.

இனி லீவர். நடுவில் பிவட் உள்ள நேர் லீவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேமின் மேல் உருளும் ரோலர் பக்கம் 80 மி.மீ., ஸ்லைடு பக்கம் 120 மி.மீ. விகிதம் 1.5. ஸ்லைடு 18 நகர, ரோலர் 12 ஏறினால் போதும்: நெருங்க 8, வெட்ட 4. கேம் சிறிதாகும் என்று விகிதத்தை 2, 3 என்று கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். கேமில் விழும் ஒவ்வொரு பிழையையும் அதே விகிதம் பெருக்கி ஸ்லைடில் கொண்டுபோய் வைக்கும். நுணுக்கமான காடிக்கு நான் 1-க்கு மேல் போவதில்லை. இடம் போதாதபோதுதான் 1.5.

பிவட்டை எங்கே ஊன்றுவது? ஸ்லைடு பாதித் தூரம் வந்திருக்கும் நிலையை வரையுங்கள். அந்த நிலையில் லீவர் ஸ்லைடின் ஓட்டத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அதே நிலையில், கேமின் மையத்திலிருந்து ரோலரின் மையத்துக்குப் போகும் கோடும் லீவருக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ரோலர் மையத்தின் தாழ்ந்த ஆரம் 50, உயர்ந்த ஆரம் 62 என்று வைத்தால் நடு ஆரம் 56. ஒரு பக்கம் 56, மறுபக்கம் 80 உள்ள செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கம் 97.65. கேம் மையத்திலிருந்து பிவட் நிற்க வேண்டிய தூரம் இதுதான். வேறு எண்ணுக்கு அலைய வேண்டாம்.

ஏன் பாதியில் செங்குத்து? லீவரின் முனை வட்டத்தில் போகிறது, ஸ்லைடு நேர்க்கோட்டில் போகிறது. பாதியில் செங்குத்தாக வைத்தால் முனை இரு பக்கமும் 4.3 டிகிரி ஆடும், நேர்க்கோட்டிலிருந்து 0.34 மி.மீ. மட்டும் விலகும். தொடக்கத்தில் செங்குத்தாக வைத்து முழுதும் ஒரே பக்கம் ஆட விட்டால், அதே விலகல் 1.36 மி.மீ. ஆகும். நான்கு மடங்கு! நடுவில் 60 மி.மீ. நீளமுள்ள சிறு இணைப்புத் தண்டு போட்டால், முதல் அமைப்பில் ஸ்லைடுக்குப் போகும் பிழை ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர், இரண்டாவதில் 0.015. துளை போடும் இடத்தைச் சற்று யோசித்துக் குறித்தால் போதும், செலவே இல்லாமல் கிடைக்கும் துல்லியம் இது.

கேமின் சுழற்சித் திசையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ரோலருக்கு அடியில் கேமின் விளிம்பு பிவட் பக்கத்திலிருந்து விலகிப் போவதாக இருக்கட்டும். அப்போது உராய்வு லீவரை இழுக்கும். எதிர்த்திசையில் சுழன்றால் லீவரைப் பிவட்டை நோக்கித் தள்ளும். சரிவான இடங்களில் அது அதிரும்.

கேம் ரோலரைத் தள்ளும் திசைக்கும் ரோலர் நகரும் திசைக்கும் இடையிலான அழுத்தக் கோணத்தைப் பெரிய சூத்திரம் இல்லாமலே பார்க்கலாம். நெருங்கும் பகுதியில் 50 டிகிரியில் 8 மி.மீ. ஏற்றம், டிகிரிக்குச் சராசரி 0.16. மெல்லத் தொடங்கி மெல்ல முடியும் சைக்ளாய்டு வளைவில் நடுவேகம் சராசரியைப் போல இரு மடங்கு, ஆகவே 0.32. நடு ஆரம் 54-இல் ஒரு டிகிரிக்குரிய வட்ட நீளம் 0.94 மி.மீ. ஏற்றத்தை அதனால் வகுத்தால் 0.34, அதற்குரிய கோணம் சுமார் 19 டிகிரி. திரும்பும் பகுதியில் இதே கணக்கு 22 டிகிரி தரும். வெட்டும் பகுதியில் 2 டிகிரிகூட இல்லை. 30-க்குள் இருந்தால் நிம்மதி. ஆடும் லீவர் என்பதால் கொஞ்சம் கூடினாலும் தாங்கும். இதே கேமை 20 மி.மீ. தாழ் ஆரத்தில் அடக்கப் பார்த்தால் 19 என்பது 37 ஆகிவிடும். ரோலர் ஏறாது, முட்டும். கேம் சிறியதாக இருக்க வேண்டும் என்ற ஆசையை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

வெட்டும் பகுதிக்குச் சீரான ஏற்றம்தான், ஃபீடு மாறக்கூடாது. நெருங்கவும் திரும்பவும் சைக்ளாய்டு. 50 டிகிரியில் 8 மி.மீ. ஏற, 10-ஆவது டிகிரியில் 0.389, 20-இல் 2.452, 25-இல் 4, 30-இல் 5.548, 40-இல் 7.611. பாருங்கள், முதல் 10 டிகிரியில் அரை மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. அந்த மென்மைதான் ரோலர் 'டக்' என்று தட்டாமல் காக்கிறது. 12 நொடிச் சுழற்சிக்கு இவ்வளவு நாசூக்கு தேவையில்லைதான். ஆனால் நாளை யாராவது சுழற்சியை ஒரு நொடிக்குக் குறைத்தால் முடுக்கம் 144 மடங்காகும். அன்றைக்கு வரப்போகும் சத்தத்துக்கு இன்றைக்கே மருந்து போட்டு வைக்கலாம்.

வரையும்போது அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கேம் மையத்திலிருந்து நேர் ஆரங்களை வரைந்து அவற்றின் மேல் ஏற்றத்தைக் குறிக்கிறார்கள். ரோலர் நேர்க்கோட்டில் ஏறினால் அது சரி. லீவரில் உள்ள ரோலர் வில்லில் ஏறுகிறது. கேமை அசையாமல் வைத்து, பிவட்டை எதிர்த்திசையில் சுற்றிவர விடுங்கள். 97.65 ஆரமுள்ள வட்டத்தில் டிகிரிக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 80 ஆரத்தில் ஒரு வில். ஏற்றத்தை அந்த வில்லின் மேல் குறியுங்கள். பிவட்டைச் சரியான இடத்தில் வைத்திருந்தால் இரண்டு முறைக்கும் வித்தியாசம் சுமார் கால் டிகிரிதான். ஆனால் வில் ஆரக்கோட்டிலிருந்து 15 டிகிரி சாய்ந்திருக்கும்படி பிவட் விலகியிருந்தால், அடிக்கும் உச்சிக்கும் இடையே நேரம் 3 டிகிரிக்கு மேல் நழுவும். இரண்டு டூல்கள் ஒன்றையொன்று உரசிப் போகும் மெஷினில், மோதலுக்கு அது போதும்.

ரோலர் விட்டம் 22 என்றால், இப்போது வரைந்தது ரோலர் மையத்தின் பாதை. உண்மையான விளிம்பு 11 மி.மீ. உள்ளே. 22 மி.மீ. கட்டரையே மையப் பாதையில் ஓட்டினால் விளிம்பு தானாக வந்துவிடும். கட்டர் வேறு விட்டமாக இருந்தால் ஈடுகட்டாமல் வெட்டாதீர்கள். மையப் பாதையில் வெளிவளைவு எங்காவது 11 ஆரத்துக்குக் கீழே இறுகினால் விளிம்பில் கூர்முனை விழுந்து, ஏற்றம் குறைந்துவிடும். முதலில் அலுமினியத் தகட்டில் வெட்டி மெஷினில் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். சரியென்றால் ஸ்டீலில் வெட்டி, கடினப்படுத்தி, விளிம்பைக் கிரைண்ட் செய்யலாம். கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருப்பது நல்லது.

ஜாப் அடிக்கடி மாறும் இடத்தில், வெட்டும் பகுதியை மட்டும் தனித் துண்டாகச் செய்து திருகிப் பொருத்துங்கள். பழைய யோசனைதான். 1873-இல் தானியங்கி லேத்துக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் கிறிஸ்டஃபர் ஸ்பென்சரின் மெஷினில், உருளையின் மேல் இடம் மாற்றிப் பொருத்தும் பட்டைகளே கேமாக இருந்தன. அந்த உருளை காப்புரிமையில் சேராமல் விட்டுப்போனது. மெஷினின் மூளையே அதுதான்!

இனி பிவட் பின். டூலை உள்ளே தள்ள ஸ்லைடில் 400 நியூட்டன் தேவைப்பட்டால், ரோலரில் 600 வரும். நேர் லீவரில் இரண்டும் ஒரே பக்கம் அழுத்தும். பிவட் இரண்டையும் சேர்த்து 1000 நியூட்டன் சுமக்கிறது. அதனால் மூன்று பின்களில் பிவட் பின்தான் தடிமனாக இருக்க வேண்டும். பின்னைத் தாங்கும் புஷ் நீளமாக இருக்க வேண்டும். எண்ணெய் போகத் துளை வேண்டும். மூன்றுக்கும் ஒரே அளவு பின்னைப் போட்டுவிட்டுப் போகும் வேலையை நிறையப் பார்த்திருக்கிறேன். தேய்வது எப்போதும் நடுவில் இருப்பதுதான்.

அந்த 0.1 மி.மீ. கணக்கு இதோ. ரோலர் கேமின் மேல் உட்கார்ந்திருக்கிறது, நகராது. பிவட் 0.04 நகர்ந்தால் லீவர் முழுவதும் ரோலரை மையமாக வைத்துத் திரும்பும். ரோலரிலிருந்து பிவட் 80, ஸ்லைடு பின் 200. இரண்டரை மடங்கு. 0.04 அங்கே 0.1 ஆகிறது, ஜாப்பின் விட்டத்தில் 0.2 ஆகிறது. சாதாரணமாக வெட்டு விசையும் ஸ்பிரிங்கும் லீவரை ஒரே பக்கம் அழுத்துவதால் ஆட்டம் தூங்கிக்கொண்டிருக்கும். பித்தளை அப்படி விடாது. முனையின் சரிவு சற்றுக் கூடிவிட்டால் டூலைத் தனக்குள் இழுக்கும். என் மெஷினில் திரும்பு ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. இழுத்த நேரத்தில் ஸ்லைடு அந்த 0.1 தூரத்தையும் தாவியது. இழுக்காத நேரத்தில் அமைதியாக இருந்தது. புஷ்ஷையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, டூல் முனையைச் சாய்வில்லாமல் தீட்டியதோடு தொல்லை நின்றது. இரண்டு முறை தேய்த்ததில் உயரம் குறைந்துபோன கேமைத்தான் கடைசியில் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது.

ஆகவே ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்லைடின் எடையை மட்டும் பார்க்காதீர்கள். 4 கிலோ ஸ்லைடு இந்த 12 நொடிச் சுழற்சியில் கேட்கும் முடுக்க விசை பொருட்படுத்தத் தக்கதல்ல. ஒரு நொடிச் சுழற்சியில்கூட 16 நியூட்டன்தான். கிப்பின் (ஸ்லைடின் இடைவெளியை இறுக்கிச் சரிசெய்யும் பட்டை) உராய்வும், டூல் உள்ளே இழுபடும் விசையும்தான் உண்மையான எதிரிகள். கிப்பை இறுக்கினால் ஸ்பிரிங் கூட வேண்டும்; ஸ்பிரிங்கைக் கூட்டினால் பிவட் கூடுதலாகத் தேயும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்லைடைக் கையால் தள்ளும்போது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனமாக இருக்கும் அளவுக்குக் கிப்பை வைப்பேன்; அதற்குப் பிறகே ஸ்பிரிங்.

பொருத்தும் நாளில் மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கேம் ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். டூல்களைப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டே சுற்றுங்கள். ஸ்லைடில் டயல் கேஜ் வைத்து 10 டிகிரிக்கு ஒரு முறை எழுதி வாருங்கள். நெருங்கும் பகுதியில் நீங்கள் பார்க்க வேண்டிய எண்கள் 0.58, 3.68, 8.32, 11.42, 12.00. எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் கூடியோ குறைந்தோ வந்தால் லீவர் விகிதத்தில், அதாவது துளைத் தூரத்தில் பிழை. எல்லாம் சரியாக வந்து, ஆனால் டிகிரி தள்ளி வந்தால், கேமை ஷாஃப்டில் பூட்டும் கீயில் பிழை. எண்கள் முன்னும் பின்னும் தாறுமாறாக இருந்தால், ரோலர் எங்கோ கேமை விட்டு எழும்புகிறது. மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ரோலருக்கு அடியில் நுழைத்தால் இடம் தெரிந்துவிடும். பிறகு அடி நிறுத்தத்தில் ஷாஃப்டை நிறுத்தி, ஸ்லைடை உள்பக்கமாகக் கையால் பலமாகத் தள்ளி விடுங்கள். முள் 0.02-க்கு மேல் போய்த் திரும்பினால் டூலை மாட்ட வேண்டாம். பிவட் பின்னைக் கழற்றுங்கள்.