மாந்தோப்புலயும் வெறுங்காட்டுலயும் கடுகு போடறது எப்படி

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கேழ்வரகுக்குள்ள ஏழெட்டு சாலுக்கு (விதைக்கற வரிசைக்கு) ஒரு சால் அவரை, கடுகுன்னு விடறது பழைய வழக்கம்தான். மாந்தோப்புக்குள்ளயும் போடலாமான்னா, தாராளமா போடலாம், ஆனா மரமில்லாத வெளிக்காட்டுல கடுகு விதைக்காக, மரத்தடியில அது கீரைக்கும் மண்ணுக்கும், ரெண்டுக்கும் ஒரே கணக்கு போட்டா சரிவராது.

கன்னு வச்சு நாலஞ்சு வருஷம் ஆகாத தோப்பு, அதுவும் 10 மீட்டர் இடைவெளியில வச்சதுன்னா நடுவுல வெயில் நல்லா விழும், அங்க விதைக்கே விடலாம், கன்னச் சுத்தி மட்டும் 3 அடி விட்டுருங்க. காய்ப்புக்கு வந்த மரம்னா கதையே வேற. நிழல்ல கடுகு வெடவெடன்னு ஒசந்து சாயும், காயும் பிடிக்காது. அதவிட முக்கியம் தண்ணி. மா பூ எடுக்கணும்னா மழை விட்டதும் நிலம் காயணும், கார்த்திகை மார்கழில கடுகு வாடுதேன்னு தண்ணி விட்டா மரம் பூவுக்கு பதிலா துளிர் விட்டுட்டு நிக்கும், கடுகுல எவ்ளோ வரும் மாங்காயில எவ்ளோ வரும்னு நீங்களே பாத்துக்கோங்க.

அதனால பெரிய தோப்புல புரட்டாசி மழைக்கு தூவி விட்டுட்டு மழையிலயே வர்றத வரவிடுங்க. 25, 30 நாள்ல இளங்கீரையா கிள்ளிக்கலாம் (பருப்பு போட்டு கடைஞ்சா அந்த லேசான காரம் தனி ருசி). பாதி பூத்ததும் செடிய வெட்டி நசுக்கி ஈரத்தோட மண்ணுல மடக்கிடுங்க, கடுகோட காரம் இருக்குல்ல, அது செடி நசுங்கறப்ப வாயுவா கெளம்பி, மண்ணுல இருந்து வேரைத் தாக்கற பொடி நூற்புழுவையும் வேரழுகல் பூஞ்சாணத்தையும் கொஞ்சம் அடக்கும். ஆழமா ஓட்டாதீங்க, மா வேர் அறுபடும். அடுத்த விதைப்புக்கு ரெண்டு மூணு வாரம் விடணும். வருஷாவருஷம் கடுகே போடவும் வேணாம், வேரோட ஒட்டி வாழற நல்ல பூஞ்சாணம் இருக்கே, வேம்னு விக்கறாங்களே, அது கடுகு வேருல தங்காது, ஒரு வருஷம் விட்டு தட்டப்பயறோ கொள்ளோ மாத்திக்கோங்க.

இப்ப வெளிக்காடு. அக்டோபர் முதல் பாதிக்குள்ள விதைச்சிடுங்க, தள்ளிப்போனா பூக்கற நேரமும் அசுவினி (சாறு உறிஞ்சற பொடிப் பூச்சி) பெருகற நேரமும் ஒண்ணா வந்து மாட்டும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம், 2 கிலோ விதை போதும், விதை பொடி சைஸுங்கறதால மணல் கலந்து தூவுங்க, இல்ல ஒரு அடிக்கு ஒரு சால் போட்டு விடுங்க, 2, 3 செ.மீ. ஆழத்துக்கு மேல போனா முளைச்சு மேல வராது. 15, 20 நாள்ல நெருக்கமா இருக்கறத பிடுங்கி செடிக்கு செடி அரை அடியாவது விடணும், இத சோம்பேறித்தனப்பட்டு விட்டா கிளையே பிரியாது. கந்தகச் சத்து இருந்தாதான் எண்ணெயும் காரமும் ஏறும், அடியுரத்தோட ஜிப்சம் போடுங்க. முட்டைக்கோசு, காலிபிளவர், முள்ளங்கி எடுத்த நிலத்துல மட்டும் வேணாம், எல்லாம் ஒரே குடும்பம், பூச்சியும் அப்படியே ஏறிக்கும்.

முளைச்ச புதுசுல இலை ஓட்டை ஓட்டையா இருந்தா காலையில போய் பாருங்க, கருப்பா ஒரு புழு, தொட்டவுடனே சுருண்டு செத்தமாதிரி கீழ விழும். கையாலயே பொறுக்கிடலாம், ஒரு தண்ணி கட்டினாலும் மண்ணுல கெடக்கறது மூழ்கி சாகும். அசுவினி பூங்கொத்து நுனியிலதான் அப்பும், ஆரம்பத்துலயே அந்த நுனிய ஒடிச்சு அழிச்சிடுங்க, மீறினா லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், சோப்பு கரைசல் கலந்து சாயங்காலமா அடிங்க. காலையில அடிச்சா தேனீ போச்சு, காய்ப்பும் கொறையும்.

தண்ணிய பூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, காய் பிடிக்கறப்ப ஒண்ணு தவற விடாதீங்க, மத்தபடி தேங்கி நிக்கக்கூடாது.

ரகத்தப் பொறுத்து 90லருந்து 110 நாள். எல்லா காயும் காயட்டும்னு இருக்காதீங்க, வெடிச்சு பாதி விதை மண்ணுக்குப் போயிடும். முக்கால்வாசி காய் மஞ்சளானதும், பனி ஈரம் இருக்கற விடியக்காலையில அறுத்து தார்ப்பாயில போட்டு நாலஞ்சு நாள் காய வச்சு தட்டுங்க. தண்டு கட்டையா இருக்கும், மாடு சீந்தாது, மண்ணு மேல பரப்பற மூடாக்குக்கு ஆகும். விதைய தூத்தி மறுபடி வெயில்ல போடுங்க, பல்லுல வச்சா நசுங்காம டக்னு ஒடையற பதம் வந்தப்புறம் மூட்டை கட்டுங்க, ஈரத்தோட கட்டினா சூடேறி பூசணம் பிடிச்சிடும்.