நீர் விளையாட்டுக்கு வெயில் தடுக்கும் உடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

படகோட்டுதல், அலைச்சறுக்கு, நீச்சல் என வெயிலில் நெடுநேரம் இருக்கப் போகிறவர்கள், உடை வாங்கும்போது விலைச்சீட்டுக்கு முன்பாக, வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் துணி எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் யூ.பி.எஃப். (UPF) என்ற குறியீட்டைப் பார்க்க வேண்டும். யூ.பி.எஃப். 50 என்றால், துணியின் மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டுமே தோலை எட்டும் என்று பொருள்.

பலரும் நம்பி அணியும் மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை இதற்கு ஏற்றதன்று; உலர்ந்த நிலையிலேயே அதன் பாதுகாப்பு குறைவு, நனைந்து உடலோடு ஒட்டிக்கொண்டால் இன்னும் குறைந்துவிடுகிறது. நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் அல்லது நைலான் துணியே தண்ணீருக்குப் பொருத்தமானது, அது விரைவில் உலரவும் செய்யும். கடையிலேயே துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இலேசாக இழுத்துப் பாருங்கள்; இழைகளுக்கிடையே ஒளி ஊடுருவினால் கதிர்களும் அவ்வழியே நுழையும். இந்தக் காரணத்தால், உடலை இறுக்கி விரியும் சிறிய அளவை நான் பரிந்துரைப்பதில்லை.

ஒரே வகைத் துணியில் அடர்நிறம் வெளிர்நிறத்தைவிடக் கூடுதலாகக் கதிர்களைத் தடுக்கும். முழுக்கையும் உயர்ந்த கழுத்துப்பட்டையும் அவசியம், ஏனெனில் துடுப்புப் போடக் குனியும்போது பிடரிதான் முதலில் வெயில் படும் இடம். முகம், கை, பாதம் போன்ற மூடாத பகுதிகளுக்கு, நீரில் எளிதில் கரையாத சன்ஸ்கிரீனைத் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து ஏறியவுடனும் மீண்டும் பூசிக்கொள்ளுங்கள்.

குளோரின் கலந்த நீரிலும் உப்புநீரிலும் பயன்படுத்திய உடையை அன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். துணி தளர்ந்து, நிறம் வெளுத்துவிட்டால் புதியதை வாங்கிவிடுவது நல்லது.